பெட்டூனியாவில் தேமல்

செடி விற்கும் நர்சரியில் வேலை பார்க்கும் அவளுக்கு இலை டாக்டர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் அவளைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. ஆனால் யாராவது ஓர் இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் போதும். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்து, அந்த வீட்டுக் கதையையே சொல்லிவிடுவாள்.

"ரோஜாவுக்குத் தலையோட தண்ணி ஊத்துறீங்க. அதான் கரும்புள்ளி."

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"செடி கோள் சொல்லுதே."

அவள் கணக்கில் செடிமேல் குற்றமே கிடையாது. எல்லாம் ஆள்மேல்தான்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நுரையீரலில் ஆபரேஷன் ஆனபின் வேலைக்குப் போகவில்லை. இனி சிகரெட்டைத் தொட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "விட்டுட்டேன்" என்று இவர் சொன்னார். சும்மா இருக்கும் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று பால்கனியில் பெட்டூனியாப் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துக் கொடுத்தாள். அவரும் காலையில் எழுந்ததும் வாடிய பூவையெல்லாம் கிள்ளுவார். ஸ்டியரிங் பிடித்த கை, பூவைக் கிள்ளும்போது மட்டும் கூச்சப்படும்.

கொஞ்ச நாளில் அந்தச் செடிகளின் இலைகளில் பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாய் விழுந்தது. ஓரம் சுருண்டது. ஊருக்கே நோய் சொல்கிறவள், "இரும்புச் சத்து பத்தலை" என்று தனக்குத்தானே சொல்லி, மருந்தைக் கரைத்து ஊற்றினாள். கேட்கவில்லை. மண் கொண்டுவந்து போடுகிறவனைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன மண்ணு குடுத்தே? செடியெல்லாம் சீக்காளி மாதிரி நிக்குது!"

"அக்கா, இதே மண்ணுதான் நர்சரிக்கும் போடுறேன்."

"வாயை மூடு."

ஒருநாள் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி பெட்டூனியா இலையோடு வந்தாள். அதே திட்டு, அதே சுருட்டை. இலை டாக்டரின் வாய், யோசிப்பதற்குள் பேசிவிட்டது.

"தேமல் நோய். புகையிலையில இருந்து வர்றது. உங்க வீட்டுல யாரோ சிகரெட் பிடிச்சுட்டு, கை கழுவாம செடியைத் தொடுறாங்க. மருந்து இல்லை. பிடுங்கிப் போட்டுருங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் மொட்டை மாடியில போய்ப் பிடிக்கிறாருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

"கேட்டா சண்டை. செடிதானே, வேற வாங்கிக்கலாம்."

இவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே பால்கனிக்குப் போய், ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் திணித்தாள். பூத்திருந்ததையும் விடவில்லை. சத்தம் கேட்டு அவர் வந்து கதவோரம் நின்றார்.

"ஏம்மா, நல்லாத்தானே பூத்துட்டிருந்துச்சு? என்ன நோவாம்?"

"பரவுற நோய். வச்சுக்க முடியாது."

"தள்ளு, நான் பிடுங்குறேன். நகமெல்லாம் மண்ணு உனக்கு."

அந்த அக்கறையைக் கேட்டதும் அவள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க தொடாதீங்க. போய் சோப்பு போட்டுக் கை கழுவுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் வெகுநேரம் நிற்கவில்லை.

கை ஏன் கழுவணும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நாள் அவள் மண்காரனையே திட்டிக்கொண்டு இருந்திருப்பாள்.