காரில் குறைத்த பதினைந்து கிலோ

எங்கள் கார் சின்னது. ஆயிரத்து நானூறு சிசி, டர்போ வைத்தது. சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் கார் பார்க்கில் அதே மாதிரி இன்னும் நாலைந்து நிற்கும். அவற்றைவிட என்னுடையது ஒரு படி மேலே இருக்கவேண்டும் என்று நாற்பது வயதுக்கு மேல் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. எக்ஸ்பிரஸ்வேயில் தொண்ணூறுக்கு மேல் போகக்கூடாத ஊரில் இருந்துகொண்டு, என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றினேன். டர்போ முன்னைவிட அதிகக் காற்றை உள்ளே தள்ளியது. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்கினேன். பெரிய ரிம் போட்டு, உயரம் குறைந்த டயர் மாட்டினேன். வளைவுகளில் கார் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும்.

கடைசியில் எடையில் கை வைத்தேன். ஸ்பேர் டயர், ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் சேர்ந்து பதினைந்து கிலோ. நான் சோற்றைக் குறைத்திருந்தாலே அந்த எடை குறைந்திருக்கும், அது அப்போது தோன்றவில்லை. எல்லாவற்றையும் தூக்கி, குண்டுவீச்சுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு கட்டிவைத்து, எங்கள் வீட்டில் சாமான் அறையாகிவிட்ட பாம் ஷெல்டரில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது கார்ல இருக்கவேண்டியது இல்லையா?" என்றாள் மனைவி.

"சிங்கப்பூர்ல எதுக்குலா? போன் பண்ணா ஆள் வந்துடுவான்."

அவளுடைய அம்மா மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில், மகனோடு இருந்தார். இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா மார்க்கெட்டில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் தம்பி அவளுக்குப் போன் செய்தான்.

"அம்மாவுக்கு நினைவு வந்திருக்குக்கா. உன்னைத்தான் கேக்குறாங்க. இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. உடனே வா."

பாஸ்போர்ட் எடுக்க வீட்டுக்கு ஓடினோம். பயணப் பை பாம் ஷெல்டரில் இருந்தது. அதை இழுத்தபோது ஸ்பேர் டயர் என் காலில் இடித்தது. கீழே கொண்டுபோய்ப் போட ஐந்து நிமிடம் ஆகும். நம் கார் போகிற வேகத்துக்கு இது எதற்கு, அந்த ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்ச் சேரலாம் என்று நினைத்தேன். லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் கூப்பிட்டாள். ஷெல்டரைச் சாத்திவிட்டுப் போனேன்.

மலேசியாவுக்குப் போகும் எல்லைப் பாலத்தில் அன்று அதிசயமாகக் கூட்டம் இல்லை. மலேசிய நெடுஞ்சாலையில் ஏறியதும் அழுத்தினேன், கார் சீறிக்கொண்டு போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானோ உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், செய்த வேலை எதுவும் வீண்போகவில்லை என்று.

ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் குளுவாங் சாலைக்குத் திரும்பினோம். இன்னும் இருபது நிமிடம்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு லாரியை முந்தியபோது குழியைக் கவனிக்கவில்லை. முன்னே இருந்த உயரமான டயராக இருந்தால் ஒரு குலுங்கலோடு போயிருக்கும். இந்த டயர் பக்கவாட்டில் ஒரு சாண் கிழிந்துவிட்டது.

"மாத்த எவ்வளவு நேரங்க ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள். நான் காரின் பின்கதவைத் திறந்தேன், ஸ்பேர் டயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை.

போனில் வாடகைக் கார் தேடினோம், கிடைக்கவில்லை. கை காட்டிய வண்டிகளும் நிற்கவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுத் தம்பியாலும் வர முடியாது. "போனை அம்மா காதுல வைடா" என்றாள்.

"எங்கம்மா இருக்க?" ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் எனக்கும் கேட்டது.

"வந்துட்டேன்மா. ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துட்டேன்."

அவர் மறுபடி ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி இரைந்துகொண்டு கடந்தது. "என்னம்மா? என்ன சொன்னீங்க?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து, காய்கறி வேன் ஓட்டிவந்த மலாய்க்காரர் ஒருவர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். பாவம், அவரால் முடிந்த வேகத்தில் போனார். வார்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது போர்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

துக்க வீட்டில் உறவுக்காரர்கள் முன்னால் தம்பி கேட்டான், "ஸ்பேர் டயரப் போட்டுட்டு வந்திருக்கலாமே மச்சான்?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் முந்திக்கொண்டாள்.

"அதுலயும் காத்து இல்லடா. இவரு என்ன பண்ணுவாரு?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பியதும் காரைப் பழையபடி மாற்றிவிட்டேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும்போலச் சமைத்தாள், வேலைக்குப் போனாள், என்னோடு பேசினாள். ஒரு நாள் மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான்.

"அன்னிக்கு அந்த டயர நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அதுல காத்து இல்லங்க" என்றாள், மடிக்கிற சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். தம்பியிடம் சொன்ன அதே பொய், அதே குரல். துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு என்னையும் சேர்த்துவிட்டாள்.