நான் சொல்லிக்கொண்டே இருந்த பதில்

தொண்ணூறுகளில் மேற்கு மாம்பலத்தில் என் அறை நண்பன் ரகுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அன்று தொடங்கியது அந்தக் கேள்வி.

"மச்சி, எனக்கு ஆம்பளைங்க மேல ஆசையா? நெஜமா சொல்லு."

"இல்லடா" என்பேன். அரைமணி நேரம் நிம்மதியாக இருப்பான். மறுபடியும் கேட்பான். ரயிலில் பக்கத்தில் ஆண் நின்றால் அடுத்த ஸ்டேஷனில் பெட்டி மாறுவான். ஒருநாள் ரயில் ஏறாமல் தண்டவாளத்தையே வெறித்துக்கொண்டு நின்றான். பயந்துபோய் அடையாறில் ஒரு மனநல டாக்டரிடம் இழுத்துப்போனேன்.

"ஆம்பளைய விரும்பறது வியாதியே இல்ல. ஓயாம சந்தேகப்பட்டு சோதிச்சுக்கறதுதான் இவரோட வியாதி. ஓசிடின்னு பேரு" என்ற டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க 'இல்ல'ன்னு சொல்லச் சொல்ல அது வளருது. இனிமே பதில் சொல்லாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் அவன் மறுபடியும் கேட்டான். அவன் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. அத்தனை நாள் நான் ஆறுதல் என்று நினைத்துக் கொடுத்த 'இல்லடா'வை அன்று விழுங்கினேன்.