கொக்கி சரியாகும் வரை

ஒடுகத்தூரில் உரக்கடை, டீக்கடை, பேருந்து நிலையம் என்று எங்கே நின்று கேட்டாலும் பூபாலனைப் பற்றி ஒரே பேச்சுதான்: வேலை தெரிந்தவன், பிழைக்கத் தெரியாதவன். முதல் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

மலையடிவாரத்துக்காரன் இழுவைப் படகில் இன்ஜினியர் ஆனதே ஊருக்கு வேடிக்கை. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் சின்னப் படகு அது. மேலே நிற்கும் கேப்டனுக்குக் கடல் தெரியும். கீழே இருக்கும் பூபாலனுக்கு இரும்பும் இரைச்சலும்தான். கப்பல் கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் படகு கவிழ்ந்துவிடும். அந்த நொடியில் கயிற்றை விடுவிக்க ஒரு கொக்கியும், அதைத் திறக்க ஒரு லீவரும் உண்டு.

ஒருநாள் சோதனையில் அந்த லீவர் அசையவில்லை. சுத்தியலால் அடித்த பிறகுதான் கொக்கி திறந்தது.

"கவுழறப்ப சுத்தியலத் தேடிக்கினு இருப்பீங்களா சார்?" என்று கேப்டனைக் கேட்டான். அதைச் சரிசெய்யும்வரை இன்ஜினை ஓட்ட மாட்டேன் என்று சொல்லிக் கரையில் இறங்கிவிட்டான்.

நிர்வாகம் வேறொருவரை ஏற்றி அனுப்பியது. அதே படகு, அதே கொக்கியோடு போய்ப் பத்திரமாகத் திரும்பியது. பூபாலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம்.

ஒன்றும் நடக்காமல் போனதே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மனைவி அன்பரசியின் அண்ணன் குப்பன் தினமும் வந்து அந்தச் சாட்சியைத்தான் நீட்டினார்.

"படகு கவுந்துச்சா மாப்ள? இல்லதான? ஒரு சாரி சொன்னா உன் வாயி தேஞ்சா பூடும்?"

"அன்னிக்குக் கவுழல மச்சான்."

"இன்னிக்கு இல்லாங்காட்டி நாளிக்குக் கவுழட்டும்னு பாத்துக்கினு கீறியா?"

"கவுழக் கூடாதுன்னுதான சரி பண்ணச் சொல்றேன்."

கடைசியில் குப்பனே மேனேஜருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க பூபாலன். நாளைக்கே வேலைக்கு ஏறிக்கலாம்," என்றார் மேனேஜர்.

"கொக்கிய மாத்திட்டீங்களா சார்?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப மன்னிப்பையும் அப்புறம் பாத்துக்கலாம் சார்."

"அப்படின்னா உங்க எடத்துக்கு வேற ஆள் போட்டுக்கிறேன்." போன் துண்டிக்கப்பட்டது.

குப்பன் தங்கையிடம் திரும்பினார். "நீயாவது சொல்லேம்மா. வூடு எப்டி ஓடும்?"

அன்பரசி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கட்டிலில் போட்டாள். "எனக்கும் இவரு மேல கோவந்தாண்ணா. ஆனா படகு கவுந்தா உள்ள மாட்டிக்கப் போறது நீயா, அந்த மேனேஜரா?"

இதை வீரம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். வீரத்தில் கொஞ்சம் பார்வையாளர்களுக்காகவும் இருக்கும். இவன் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இப்படித்தான்.

அடுத்த வாரம் குப்பனின் கடலை மில்லில் மெஷின் ஓட்ட ஆள் வரவில்லை. பூபாலன் போனான். செல்லி என்ற பெண் பெல்ட்டை ஒட்டிக் குனிந்து தொலியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடினால் சுழலும் அந்தப் பெல்ட்டுக்கு இருக்க வேண்டிய இரும்பு மூடியைக் காணோம். சுவிட்சுக்குப் போன கையை அவன் இறக்கிக்கொண்டான்.

"மூடி எங்க மச்சான்?"

"அதக் கழட்டிப் போட்டு எத்தினி வருசமாவுது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல."

பூபாலன் பக்கத்திலிருந்த கடலை மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். வெளியே மூட்டைகளோடு நின்ற டிராக்டர் விடாமல் ஹாரன் அடித்தது.

"இங்கயும் ஆரம்பிச்சிட்டியா? உன்னிய இங்கேர்ந்தும் வூட்டுக்கு அனுப்பணுமா?"

"அனுப்புங்க. மூடிய மாட்டிட்டு அனுப்புங்க."

குப்பன் டிராக்டரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்கு நடந்தார்.

"ஏம்மா செல்லி," என்று அங்கிருந்து அவர் குரல் எரிச்சலோடு வந்தது, "அந்தப் பாழாப்போன மூடிய எங்கம்மா போட்டோம்?"