ஜெனிட்டாவோடு நாங்களும் எழுதிய பரீட்சை

டச்சு ஊரான ராட்டர்டாமில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு வீட்டின் அழைப்பு மணியை அழுத்துவது சாதாரணக் காரியம் இல்லை. பக்கத்து வீட்டு மாரைக்கே அம்மாளிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க ஒரு சனிக்கிழமை காலை மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் முகம் வெளுத்துப்போய், "யார் இறந்தது?" என்று கேட்டார். யாரும் இறக்கவில்லை, ஏணிதான் என்றேன். நெஞ்சைத் தடவிக்கொண்டார். வந்ததுதான் வந்தாய், ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போ என்பார் என்று நின்றேன். அவர் உள்ளே போய் நாள்குறிப்பை எடுத்துவந்து, மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமையில் எனக்குக் காபி எழுதிவைத்தார். சொல்லாமல் வந்தால் இங்கே சாவுச் செய்தி. ராயபுரத்தில் நான் பிறந்து வளர்ந்த சந்தில் நேர்மாறு. அங்கே ஒருவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால்தான் வீட்டிலிருப்பவர்கள் பதறுவார்கள். மற்றபடி கதவு என்பது வெயிலையும் நாயையும் தடுப்பதற்கு மட்டும்தான்.

இந்த வித்தியாசத்தை வைத்து நான் ஒரு புத்திசாலித்தனம் செய்யப் போனது போன பிப்ரவரி மாதம். என் தங்கை செலின் போன் செய்தாள். "ண்ணா, ஜெனிட்டாவுக்கு திரும்ப வந்துட்ச்சுண்ணா. பாத்ரூம்ல தாப்பா போட்டுகினு குந்திகினு கீது. நீ கொஞ்சம் வாயேன்" என்றாள். ஜெனிட்டா அவளுடைய ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் வேதியியல் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் அவளுக்கு விரல்கள் மடங்கிக்கொண்டன, மூச்சு முட்டியது. எழுந்து வெளியே ஓடி, பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு சீருடையைப் பார்த்தாலே வாந்தி. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள், வாரம் ஒருமுறை ஆலோசகர் அம்மாவிடம் பேசச் சொன்னார்கள். பொதுத்தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருப்பதால் எனக்கு மனநலமெல்லாம் தெரியும் என்று தங்கை நம்பினாள். எனக்குத் தெரிந்தது, சரக்குக் கிடங்கில் எந்த லாரியை எந்த வாசலில் நிறுத்துவது என்பது மட்டும். ஆனாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஜெனிட்டாவுக்குத் தைரியம் சொல்ல வந்தவர்கள். ஒருவர் வல்லாரைக் கீரை கொண்டுவந்திருந்தார். ஒருவர் மந்திரித்த எண்ணெய். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் காதர் பாய் ஒரு படி பாதாம் பருப்போடு வந்து, "பயப்படாத கண்ணு. பெயிலானா இன்னா, உயிரா போயிடும்?" என்று பத்துத் தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் குழந்தையின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் குறைந்தது. அவளுடைய அப்பா சவரி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எல்லோருக்கும் டீ வாங்கி வரப் போய்விட்டார். மனிதர் காற்றில் ஆடும் கேபினில் உட்கார்ந்துகொண்டு கப்பலுக்குள்ளிருந்து பெட்டியை வெண்ணெயில் முடி எடுப்பதுபோல எடுப்பார். மகள் அழுதால் மட்டும் டீ வாங்கப் போய்விடுவார்.

எல்லோரும் போன பிறகு மொட்டைமாடியில் ஜெனிட்டா என்னிடம் சொன்னாள். "படிச்சது மறந்துடும்னு பயமில்ல மாமா. மூச்சு வுட மறந்துடுவேன்னு பயம். இவங்கோ வந்து தைரியமா இருன்னு சொல்லச் சொல்ல, அந்த பயமே ஞாபகம் வந்துகினே கீது." கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அப்போதுதான் மாரைக்கே அம்மாளின் காபி நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் ஒரு அட்டையில் 'பரீட்சை முடியும் வரை முன்பதிவு செய்துவிட்டு வரவும்' என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டேன். செலின் தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு இந்த தெருவுல நான் தண்ணி புடிக்க போவ வேணாமா?" என்றாள். தெரு கோபித்துக்கொள்ளும், அதனால் நாலு நாள் அமைதி கிடைக்கும் என்பது என் கணக்கு. தெரு கோபித்துக்கொள்ளவில்லை. பெருமைப்பட்டது. ராயபுரத்தில் அதுவரை யாருக்கும் முன்பதிவு கொடுத்துப் பழக்கமில்லை. டாக்டரைப் பார்க்கக்கூட டோக்கன்தான். காதர் பாய் தன் கடையிலேயே முன்பதிவு எடுக்க ஆரம்பித்துவிட்டார். எண்ணெய் வாங்க வந்தவர்கள், எங்களை முன்பின் தெரியாதவர்கள்கூட ஒன்று போட்டுவைத்துக்கொண்டார்கள். பாய் தனக்கு மாலை நான்கு மணி ஒதுக்கிக்கொண்டு மூன்று மணிக்கே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். "நாலுக்குத்தான் நைனா டைமு. நான் பாட்டுக்கு இங்க குந்திகினு கீறேன். நீங்கோ படிங்கோ" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஒரு நாட்டில் வேலை செய்யும் மருந்து இன்னொரு நாட்டில் வியாதியாகிவிடுவதை அன்று கண்ணால் பார்த்தேன்.

இதை ஆலோசகர் அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சொன்னார்: "பயம் போனப்புறம் பரீட்சை எழுதலாம்னு காத்திருக்காதீங்க. பயத்தையும் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல உட்கார வெச்சுக்கணும். கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. தேர்வு மையத்தை முன்னாடியே போய்ப் பாருங்க. மாதிரித் தேர்வு வையுங்க. அவளைத் தனியா உட்கார வைக்காதீங்க."

மையம் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளி. தினமும் மாலை நானும் ஜெனிட்டாவும் ஆட்டோவில் போனோம். முதலில் தெருமுனைவரை. பிறகு எதிர்ச்சாரி. பிறகு கேட். கன்டெய்னர் லாரிகள் போகப் போகத் தூசியில் நின்று கேட்டையே பார்ப்போம், அவள் மூச்சை இழுத்து இழுத்து விடுவாள், திரும்பிவிடுவோம். வாட்ச்மேன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் வந்தார். "இன்னா சார், டெய்லி வந்து கேட்ட பாத்துட்டுப் போறீங்கோ. ஸ்கூல வாங்கப் போறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "எனக்குந்தான் சார் இந்த கேட்ட பாத்தா பேஜாரா கீது. இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாதிரித் தேர்வை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, பக்கத்து டியூஷன் சென்டரில் வைத்தோம். தனியாக உட்காரக் கூடாதே. ஆகவே முன்பதிவு செய்திருந்தவர்கள் எல்லோரும் வந்து பரீட்சை எழுதட்டும் என்று ஜெனிட்டாவே சொன்னாள். கேள்வித்தாளும் அவள் தேர்வுதான், பழைய பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல். வந்தவர்கள் பலர் வாசலிலேயே அவசர வேலை ஞாபகம் வந்து போய்விட்டார்கள். மிஞ்சியது சவரி, காதர் பாய், நான். செலின் கண்காணிப்பாளர். என் தங்கைக்குள் இத்தனை கொடுமை ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது. உள்ளே நுழையும்போதே என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாள்.

மணி அடித்ததும் ஜெனிட்டாவின் முகம் மாறியது. கால் மணி நேரம் போவதற்குள் விரல்கள் லேசாக வளைய ஆரம்பித்தன. நான் எழுந்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது காதர் பாய் கையைத் தூக்கினார். "அடிஷனல் ஷீட்டு!"

பரீட்சை எழுதிய தமிழர்கள் யாருக்கும் அந்தக் குரல் தரும் அதிர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. சவரிக்கு நெற்றியெல்லாம் வேர்வை. "பாயி இன்னாத்த அப்படி எழுதறாரு?" என்று என்னிடம் குனிந்தார்.

"பேசாதீங்கோ!" என்றாள் செலின்.

"எனக்கு நெஞ்ச புடிக்குது செலினு. ஒண்ணுக்கு போவணும்."

"உக்காருங்கோ."

மனிதர் நடிக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. ஜெனிட்டா தன் விரல்களை மறந்து எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நைனா, காலைத் தரையில நல்லா அழுத்து. இப்ப கண்ணுல தெரியறத அஞ்சு சொல்லு" என்றாள். ஆலோசகர் அம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வழி அது.

சவரி சுற்றிப் பார்த்தார். "ஃபேனு."

"ம்."

"இன்னொரு ஃபேனு."

"ம்."

"பாயோட அடிஷனல் ஷீட்டு. உங்கம்மா மூஞ்சி. இந்த ரெண்டுந்தான் கண்ணு பயமா கீது."

ஜெனிட்டா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்து, கண்டிப்பான கண்காணிப்பாளர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'அமிலங்களின் பயன்களை விவரி' என்ற கேள்விக்குக் காதர் பாய் எலுமிச்சை ஊறுகாய் போடும் விதத்தை இரண்டு தாள் முழுக்க எழுதியிருந்தார். ஜெனிட்டா திருத்தி, 'உப்பு குறைவு' என்று அரை மதிப்பெண் கழித்தாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து மீதி நேரம் முழுவதும் எழுதினாள்.

இனி எல்லாம் சுபம் என்று நினைத்தோம். உடம்பு அப்படி நினைக்கவில்லை. பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாள், கேட்டுக்குச் சற்று முன்னால் அவள் நின்றுவிட்டாள். பெற்றோர் கூட்டம் கேட்டை அடைத்து நின்றது. விரல்கள் மடங்கிவிட்டன. "முடியாது மாமா. வூட்டுக்குப் போயிரலாம்." சவரி டீக்கடை எங்கே என்று தேட ஆரம்பித்தார். என் மூளையிலிருந்து தமிழ் முழுதாக வடிந்துபோயிற்று. டச்சுக்காரர்கள் மிரண்ட குதிரையையும் அழும் குழந்தையையும் அமைதிப்படுத்தச் சொல்லும் சொல் ஒன்று உண்டு. 'நிதானம், நிதானம்' என்று பொருள். அதுதான் என் வாயில் வந்தது. "ரஸ்தஹ்... ரஸ்தஹ்..." என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன்.

வாட்ச்மேன் காதில் அது விழுந்தது. ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டார். "ரஸ்தா கேக்கறாங்கோ இல்ல? வழி வுடுங்கப்பா! யம்மா, ஓரமா போம்மா! நம்ம பாப்பா உள்ள போவணும்! ரஸ்தா!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கேட்வரைக்கும் நேராக ஒரு பாதை, இருபுறமும் தாய்மார்கள், நடுவில் நாங்கள். யாரோ ஒருவர் அமைச்சர் மகள் என்று நினைத்துக் கும்பிட்டார். ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். "இன்னா மாமா பண்ணி வெச்ச?" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட முகம். விரல்கள் மடங்கியபடியேதான் இருந்தன. அப்படியே நடந்து உள்ளே போனாள்.

மற்ற தாள்களை எழுதிவிட்டாள். வேதியியலில் பாதிக்கு மேல் முடியவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, கடைசி மணி அடிக்கும்வரை மேசையில் தலை சாய்த்திருந்தாள். வெளியே வந்து முதலில் சொன்னது, "ஆனா எந்திரிச்சு ஓடல மாமா" என்பதுதான். முடிவு வந்தபோது நான் ராட்டர்டாம் திரும்பியிருந்தேன். வேதியியல் மட்டும் போய்விட்டது. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டினார்கள். காதர் பாய் வீட்டுக்கு வந்து, "நானுந்தான் பெயிலு. வா கண்ணு, சேர்ந்து படிப்போம்" என்று உட்கார்ந்துவிட்டதாகச் செலின் சொன்னாள். அட்டையை எப்போதோ கழற்றிவிட்டார்களாம்.

துணைத்தேர்வு நடந்த அன்று எனக்குக் காலைப் பணி. ராயபுரத்தில் பத்து மணி வெயில் ஏறும் நேரத்தில் நான் இங்கே விடிகாலை மெட்ரோவில் உட்கார்ந்திருந்தேன். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது, மூச்சு மேலேயே நின்றது. எதிர் இருக்கைப் பெண்மணி, முன்பின் பேசியிராதவர், உடம்பு சரியில்லையா என்று டச்சில் கேட்டார். என் தங்கை மகளுக்குப் பரீட்சை, இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்றேன். இந்த நேரத்திலா என்று வியந்து, "எங்கே?" என்று கேட்டார்.

ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தவன், "இங்கே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கனிவோடு ஜன்னல் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தைத் தேடினார். வெளியே ஆறும் அதன்மேல் சில கடற்பறவைகளும்தான் இருந்தன. நானும் திரும்பித் தேடினேன்.