நாற்பத்தொரு பேர் ஊற்றிய தண்ணீர்

ப்யோ கும்-ஓக் இருபத்திரண்டு வருடம் மீன் டப்பா ஆலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். ஆலையை மூடியதும், எங்கள் ஹேபோங் நகரக் கலைக்கூடத்தில் காவலராக நின்றுகொண்டே வேலை பார்க்க வந்தார். அரசாங்கம் இதை மறுவாழ்வு என்கிறது. மூன்று மாத ஒப்பந்தம்; அதுவும் சுவரில் இருக்கும் மரம் சாகாமல் இருந்தால்.

மரம் திரையில் ஒளியால் வரைந்த பைன். எதிரே இரண்டு பொத்தான்கள்: ‘தண்ணீர்’, ‘போதும்’. ஆளுக்கு ஒரு முறை அழுத்தலாம். எல்லோருடைய தேர்வும் சேர்ந்து மரத்தை வளர்க்கும், அல்லது கொல்லும். செத்தால் திரும்பி வராது. காட்சியை மூடிவிட வேண்டியதுதான். மனிதன் தன் தேர்வின் விளைவோடு வாழ வேண்டும் என்று கலைஞர் தோ யூன்-சல் தொடக்க விழாவில் நாற்பது நிமிடம் விளக்கினார். அதைக் கேட்பதா வேண்டாமா என்ற தேர்வு மட்டும் எங்களுக்குத் தரப்படவில்லை.

கலைக்கூட இயக்குநர் முதலில் போய் ‘தண்ணீர்’ அழுத்தினார். கருணை உள்ளவர். பிறகு பதவி வரிசைப்படி மற்றவர்கள். மதியச் சாப்பாட்டில் அவர் கறுப்பு நூடுல்ஸ் என்றால் மேசை முழுக்கக் கறுப்பு நூடுல்ஸ்தான். யாரும் பட்டியலைப் புரட்டுவதில்லை. இங்கே மட்டும் புரட்டுவார்களா?

இருபதாவது ஆளுக்கே ஊசியிலைகள் மஞ்சளாகிவிட்டன. கும்-ஓக், மா என்ற பிரிவுத் தலைவரின் காதருகே போனார்.

“சார், வேர் அழுகுது. யாரையாச்சும் ‘போதும்’ அழுத்தச் சொல்லுங்க.”

“இயக்குநர் ஊத்துன தண்ணிய நான் வேணாங்கணுமா? புள்ளகுட்டிக்காரன்மா நான்.”

“என் பொழப்பும் அந்த மரத்துலதான் சார் தொங்குது.”

“சும்மா நில்லுங்கம்மா, போட்டோ எடுக்கறாங்க.”

நாற்பத்தொரு பேர் சுதந்திரமாக ஒரே பொத்தானை அழுத்தினார்கள். கடைசியாகக் கும்-ஓக் ‘போதும்’ அழுத்தினார். மரம் அதைப் பொருட்படுத்தாமல் சாய்ந்தது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

“வெள்ளிக்கிழமை ஆளுநர் வர்றாரு. மரத்த எழுப்புங்க” என்றார் இயக்குநர், கலைஞரிடம்.

“முடியாதுங்க. விளைவுதான் என் கலையே.”

“அடுத்த வருஷம் பெரிய கூடம் யாருக்குன்னு இன்னும் முடிவாகல.”

கலைஞருக்குத் தன் மடிக்கணினியில் மரத்தின் நகல் ஒன்று இருப்பது உடனே நினைவுக்கு வந்தது.

ஆனால் செத்த மரத்தை எழுப்பக் கோப்பில் ஒரு காரணம் வேண்டும். மா ஒரு படிவத்தோடு கும்-ஓக்கிடம் வந்தார். ‘பணியாளர் கவனக்குறைவால் தண்ணீர் அதிகமானது.’

“கையெழுத்துப் போட்டா மரம் பொழைக்கும், உங்க மூணு மாசமும் பொழைக்கும். போடாட்டி இன்னிக்கே மூடிடுவோம். கட்டாயமில்லம்மா, உங்க இஷ்டம்தான்.”

“நாப்பத்தோரு பேர் ஊத்துனதுக்கு நான் பொறுப்பா சார்?”

“பேருக்குத்தானேம்மா.”

கும்-ஓக் படிவத்தை இரண்டு முறை வாசித்தார்.

“ஒரு நாற்காலி வேணும். சாய்வு வச்சது.”

“காவலருங்க உக்காரக்கூடாதுன்னு விதி இருக்கே!”

“அப்ப மூடிடுங்க.”

பத்து நிமிடத்தில் இயக்குநரின் அறையிலிருந்தே நாற்காலி வந்தது. கும்-ஓக் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கலைஞர் வந்து, அந்த நாற்காலி தன் படைப்பின் அமைதியைக் கெடுக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

“விளைவுங்க” என்றார் கும்-ஓக், எழுந்திருக்காமல்.