உதட்டில் மறைந்த நீலம்

அந்தப் பிரபல நடிகைக்குப் பல வருடங்களாக ஒப்பனை செய்பவரை எல்லோரும் 'மேக்கப் அக்கா' என்பார்கள். எந்தச் சோர்வையும் முகத்தில் தெரியாமல் மறைத்துவிடுவார் என்று பெயர். சில மாதங்களாக அந்தப் பெயரே அவரைப் பயமுறுத்தியது. தூங்க ஊசி, விழிக்க மாத்திரை என்று நடிகை கேட்டதையெல்லாம் அவருடைய சொந்த டாக்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை படப்பிடிப்புக்கு முன், ஒப்பனை அறை நாற்காலியில் கண்மூடிக் கிடந்த நடிகையின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பழக்கதோஷத்தில் அக்கா அவற்றின்மேல் சிவப்புச் சாயத்தைப் பூசிவிட்டார். பிறகுதான் கவனித்தார்: மூச்சு விட்டுவிட்டு வந்தது.

டாக்டர் ஊசியோடு உள்ளே வந்தார்.

"முகம் பளபளன்னு இருக்கே. வலி ஊசி இன்னொன்னு போட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

"அது நான் பூசின பளபளப்பு, டாக்டர்."

டாக்டர் சிரித்தபடி நரம்பைத் தேடினார். தடுத்தால் வேலை போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியும். இருந்தும் பஞ்சில் எண்ணெய் தொட்டு, நடிகையின் உதடுகளை அழுத்தித் துடைத்தார்.

"இப்பப் பாருங்க."

டாக்டரின் சிரிப்பு நின்றது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு நடிகையின் கன்னத்தைத் தட்டினார். அசைவில்லை.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இது வெளியில போக வேணாம்க்கா."

அக்கா அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். அவர் கண்கள் நடிகையின் நெஞ்சிலேயே இருந்தன. அடுத்த மூச்சு இன்னும் வரவில்லை.