மடங்காத விரல்களும் வாசல் தாழ்ப்பாளும்

மாசி மாத வளர்பிறைத் துவாதசி அன்று காலையில் என் வலது கை வெந்தது. இங்கே மலையாளக் கணக்கில் கும்பம். ஏகாதசி உபவாசம் இருந்தவன் மறுநாள் விடிந்த கையோடு சாப்பிட வேண்டும் என்பதால் சாதத்தை அவசரமாக வடிக்கப் போனேன். மூடித்தட்டு வழுக்கியது. வெந்நீராக இருந்தால் ஓடியிருக்கும். கஞ்சி புறங்கையில் ஒட்டிக்கொண்டு நின்றது. பானையை அங்கேயே போட்டிருக்கலாம். துவாதசிச் சாதம் தரையில் கொட்டிவிடக் கூடாதே என்று பிடித்தபடியே முற்றம் வரை நடந்து, இறக்கி வைத்த பிறகுதான் கையைக் குழாயில் காட்டினேன்.

பங்குனி முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. புதுத் தோல் சிவந்து தடித்து, விரல்களைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. நாலு வயதுக் குழந்தையின் கையுறைக்குள் என் கையைத் திணித்துத் தைத்துவிட்டதுபோல் இருந்தது. அதன்மேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்கமான கையுறை வேறு.

வலியசாலை வீட்டில் நானும் மகளும்தான். அவள் காலையில் கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்புவாள். எங்கள் வாசற்கதவு பழைய தேக்கு. உள்ளே இரும்புத் தாழ்ப்பாள். அதை இழுக்க இடது கையால் கதவை அழுத்தி, வலது கையால் குமிழைப் பற்ற வேண்டும். எனக்குப் பற்ற முடியவில்லை. வாசல் நேரே தெருவுக்குத் திறப்பதால் தாழிடாமல் இருக்கவும் முடியாது. ஆகவே மகள் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனாள். இன்னொரு சாவி எதிர்வீட்டு மாமியிடம் இருந்தது.

"கை சரியாற வரைக்கும்தான்ப்பா" என்றாள் முதல் நாள்.

இளம் வயதில் சிறையிலிருந்தவர்களின் குறிப்புகளை விரும்பிப் படித்திருக்கிறேன். அவர்களுக்குப் பூட்டியவர்மேல் கோபம் இருந்தது. எனக்கு அந்த வசதி இல்லை. என்னைப் பூட்டியவள் ஃப்ளாஸ்கில் காபி வைத்துவிட்டுப் போனாள்.

வைகாசியில் மழை தொடங்கியபோது ஷாக் வேவ் சிகிச்சையும் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் மகள் ஆட்டோவில் கூட்டிப் போனாள். சிகிச்சை தருகிற பெண் மலையாளி. என்னிடம் பேசுவதற்காகத் தமிழைக் கொஞ்சம் கலந்துகொள்வாள். தழும்பின்மேல் குளிர்ந்த களிம்பைத் தடவி, தலைமுடி உலர்த்தும் கருவி போன்ற ஒன்றை வைத்து அழுத்துவாள். டக் டக் டக்கென்று, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கும்.

"வேதனை பத்தில எத்ர அங்கிளே?"

"மூணு."

"முகத்தைக் கண்டால் ஏழாக்கும். மூணு எந்நு பறஞ்ஞால் நான் இன்னும் கூட்டும், கேட்டோ."

நான் ஏழு என்று திருத்திக்கொண்டேன். முடிந்ததும் எண்ணெய் தடவி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கவைத்து, நுனிக்கும் உள்ளங்கைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளப்பாள். "மெஷின் இளக்கித் தரும். மடக்கவேண்டியது அங்கிளாக்கும். ஒரு நாள் விட்டால் தோல் பின்னேயும் இழுக்கும்."

எதிர்வீட்டு மாமி ஜன்னலுக்கு வெளியே நின்று விசாரித்தாள். "என்ன மாமா, ஜெயில்ல இன்னிக்கு என்ன சாப்பாடு?"

"நேத்து வச்ச மொளகூட்டல்."

"கையில ஷாக் வைக்கறாளாமே. கரண்ட் பில்லு யாரு கட்டறா?"

"கரண்ட் இல்லை மாமி. வெறும் அதிர்வு."

"எதுவானா என்ன, சீக்கிரம் வெளியில வாங்கோ. உங்காத்துச் சாவியைப் பத்திரமா வைக்கறதே எனக்கு ஒரு வேலையா இருக்கு."

ஆடி பிறந்த வாரம் சுட்டுவிரலும் நடுவிரலும் குமிழைச் சுற்றி வளைந்தன. மகள் வந்ததும் அவள் முன்னால் தாழைப் போட்டுத் திறந்து காட்டினேன்.

"நன்னா இருக்குப்பா. இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்."

மறுநாளும் வெளியே பூட்டு விழுந்தது. அந்தச் சத்தம் அடங்கியதும் நான் உள்ளே தாழையும் போட்டேன். கோபத்தில் அன்று எண்ணெய் தொடவில்லை, விரல் மடக்கவில்லை. நாள் முழுக்க மழை பெய்தது.

சாயங்காலம் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. கதவு அசையவில்லை.

"அப்பா, உள்ளே தாழ் போட்டிருக்கா?"

"ஆமா. இரு, திறக்கறேன்."

ஈரத்தில் கதவு ஊதி, தாழ் இறுகியிருந்தது. விரல்கள் காலையில் வளைந்த அளவில் பாதிகூட வளையவில்லை. குமிழ் நழுவிக்கொண்டே இருந்தது.

"அப்பா, நனையறேன்."

"தெரியறது."

"என்ன பண்றேள் உள்ளே?"

எதிர்ப்பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. "சாவி வேணுமாடீ?"

"சாவியால ஒண்ணும் ஆகாது மாமி. கைதியே பூட்டிண்டிருக்கார்."

கடைசியில் குமிழில் துண்டைச் சுற்றி, மணிக்கட்டையே கொக்கிபோல் மாட்டி இழுத்தேன். மகள் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். தழும்பின் ஓரம் வெடித்து ரத்தம் கசிந்ததைப் பார்த்தாள்; திட்ட வாய் திறந்தவள், மருந்துப் பெட்டியை எடுத்து வந்தாள்.

"விழுந்து கெடந்திருந்தா மாமி சாவியை வச்சுண்டு என்ன பண்ணுவா?" என்று பஞ்சால் ஒற்றியபடியே கேட்டாள். "இன்னிக்கு எக்சர்சைஸ் பண்ணினேளா?"

"இல்லை."

பஞ்சை மடித்துக் கீழே வைத்தாள். "சரி. தெனமும் நான் கெளம்பறச்சே என் முன்னால தாழ் போட்டுத் திறங்கோ. திறந்தா பூட்டு இல்லை. திறக்கலேன்னா பூட்டு."

அந்த வெடிப்பு ஆறியதிலிருந்து அதுதான் நடைமுறை. தோளில் பையோடு பக்கத்தில் நிற்பாள்; என் கையைப் பார்க்காமல் காலண்டரைப் பார்ப்பாள். சில நாள் திறந்தது. அந்த நாட்களில் தெருமுனை வரை நடந்து பத்திரிகை வாங்கி வந்தேன்.

இன்று ஆடி அமாவாசை. மழை. தாழ் விழுந்தது, திரும்ப வரவில்லை. அவள் பஸ்ஸுக்கு நேரமாகும் வரை காத்திருந்தாள். பிறகு என் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தானே திறந்துகொண்டு போனாள். வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது. எப்போதையும்விட மெதுவாகப் பூட்டினாள்.

கையுறையைக் கழற்றி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவைத்து, சுண்டுவிரலில் தொடங்கினேன்.